குளியல் தொட்டியில் பன்றி வளர்த்த ஊர்

1993ஆம் வருடம். கியூபாவின் தலைநகர் ஹவானா. அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் ஒரு வீடு. குளியல் தொட்டிக்குள் ஒரு பன்றிக்குட்டி நிற்கிறது. வீட்டில் இருப்பவர்கள் பக்கெட்டில் தண்ணீர் மொண்டு ஓரமாக நின்று குளித்துக்கொள்ள வேண்டியதுதான். கத்தினால் அக்கம்பக்கத்தில் புகார் வரும் என்று, தெரிந்த கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு அதன் குரல் நாணை வெட்டிவிட்டிருக்கிறார்கள். பால்கனியில் கோழிகள். வீட்டுக்காரர் படித்தவர், அரசு உத்தியோகம், மாதா மாதம் சம்பளம் வருகிறது. ஆனால் அந்தச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் அலமாரிகள் காலி!

கதை மாதிரி இருக்கிறதா? அந்தக் காலத்து ஹவானாவில் இப்படிப்பட்ட வீடுகள் நிறையவே இருந்தன.

உலகத்தில் எங்கேயாவது ஒரு வங்கி திவாலானால் போதும், உடனே ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். பொருளாதாரம் மொத்தமாகப் படுத்துவிட்டால் குடும்பத்தைக் காப்பாற்றுவது எப்படி? ஆறு மாதத்துக்கு அரிசி பருப்பு, மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய், கொஞ்சம் தங்கம், கொல்லையில் காய்கறித் தோட்டம்... கூடவே "கியூபாவைப் பார், தன் கையே தனக்குதவி என்று நிமிர்ந்து நின்றது" என்று ஓர் உதாரணமும் வரும். அந்த உதாரணம் பாதி உண்மை. மீதிப் பாதியையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு நேராகும்.

ஒரே வாடிக்கையாளர், ஒரே சரக்கு

1959 ஜனவரியில் பிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வென்றது. அதுவரை கியூபாவின் சர்க்கரையை வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்கா கதவை மூடியது. 1962ல் முழு வர்த்தகத் தடை. அந்த இடத்துக்கு சோவியத் யூனியன் வந்தது. 1972ல் சோஷலிச நாடுகளின் வர்த்தகக் கூட்டமைப்பான கோமேகானில் கியூபா சேர்ந்தது. ஏற்பாடு எளிமையானது. கியூபா சர்க்கரை கொடுக்கும், சோவியத் அதற்கு உலகச் சந்தையைவிட நல்ல விலை போட்டு எண்ணெய் கொடுக்கும். வருடத்துக்குச் சுமார் 1.3 கோடி டன் எண்ணெய். அதில் மிச்சம் பிடித்ததை வெளியே விற்று டாலர் பார்த்த வருடங்களும் உண்டு.

லாபமான வியாபாரம்தான். ஆனால் 1980களின் கடைசியில் கியூபாவின் மொத்த வெளிநாட்டு வர்த்தகத்தில் சுமார் 85 சதவீதம் இந்த ஒரே கூட்டத்தோடுதான். நல்ல நிலமெல்லாம் கரும்பு. சாப்பிடும் கோதுமை, கோழித் தீவனம், உரம், டிராக்டர் உதிரி பாகம் எல்லாமே கப்பலில் வந்தன. ஒரே வாடிக்கையாளரை நம்பி ஒரே சரக்கை விற்கிற கடையை எந்தக் கணக்குப்பிள்ளையும் பாதுகாப்பான கடை என்று சொல்லமாட்டார். அந்த வாடிக்கையாளர் கடனுக்கும் கொடுத்து, விலையும் கூட்டிக் கொடுத்ததால் முப்பது வருடம் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

1989ல் பெர்லின் சுவர் விழுந்தது. 1991ல் கோமேகான் கலைந்தது, அந்த வருடக் கடைசியில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. 1989ல் சுமார் 800 கோடி டாலராக இருந்த கியூபாவின் இறக்குமதி 1993ல் சுமார் 200 கோடி டாலருக்கு வந்து நின்றது. நான்கு வருடத்தில் நாட்டின் உற்பத்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது. 1929ல் தொடங்கிய பெருமந்தத்தில்கூட அமெரிக்கா இந்த அளவுக்கு இழக்கவில்லை. போதாதென்று 1992ல் அமெரிக்கா தன் தடையை இன்னும் இறுக்கியது.

போருக்குப் போட்ட திட்டம்

கியூபா அரசிடம் ஒரு பழைய திட்டம் இருந்தது. அமெரிக்கக் கடற்படை தீவைச் சுற்றி வளைத்து ஒரு கப்பலும் வரமுடியாமல் போனால் நாட்டை எப்படி நடத்துவது என்ற திட்டம். போர்க்காலத்துக்குப் போட்டது. அதை எடுத்துத் தூசி தட்டி, 1990ல் "அமைதிக் காலத்தின் சிறப்புக் காலம்" என்று பெயர் வைத்தார்கள். ஒரு துளி எண்ணெய்கூட வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் அதில் ஏற்பாடு இருந்தது. அதன் பெயர் "பூஜ்யத் தெரிவு".

சிறப்புக் காலம்! பெயர் வைப்பதில் அரசாங்கங்களை யாராலும் மிஞ்ச முடியாது.

பஸ்கள் நின்றன. சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் இறங்கின. சைக்கிள் ஓட்டியே பழகாத நடுத்தர வயதுக்காரர்கள் வேலைக்குப் போக அதைக் கற்றுக்கொண்டார்கள். லாரியின் பின்னால் நீளமான பெட்டியை இணைத்து, நடுவில் பள்ளமும் இரண்டு பக்கம் திமிலுமாக ஒரு வாகனம் ஓடியது. ஜனங்கள் அதற்கு "ஒட்டகம்" என்று பெயர் வைத்தார்கள். ஒரே நடையில் இருநூறு பேருக்கு மேல் ஏறுவார்களாம். காகிதம் இல்லாததால் சில தினசரிகள் வாரப் பத்திரிகைகளாகின. மின்சாரம் ஒரு நாளில் பாதிக்கு மேல் இருக்காது. மின்வெட்டை அந்த ஊரில் "அபகோன்" என்பார்கள். நிலைமை முற்றியபோது வார்த்தையைத் திருப்பிப் போட்டு "அலும்ப்ரோன்" என்றார்கள். அதாவது "விளக்கு வெட்டு". இருட்டு சகஜமாகிவிட்டது, நடுவில் எப்போதாவது விளக்கு எரிந்தால் அதுதான் செய்தி என்று கிண்டல்.

அடுப்படியும் ஸ்க்ரூடிரைவரும்

வீட்டுக்குள் என்ன நடந்தது? 1962லிருந்தே ஒவ்வொரு குடும்பத்துக்கும் "லிப்ரேத்தா" என்ற ரேஷன் புத்தகம் உண்டு. நம்மூர் ரேஷன் கார்டு மாதிரி. ஆளுக்கு மாதம் இரண்டரை கிலோ அளவுக்கு அரிசி, கொஞ்சம் பீன்ஸ், சர்க்கரை, நாளுக்கு ஒரு சின்ன பன். பால் ஏழு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு மட்டும். இது மாதத்தில் பாதி நாள் ஓடும். மீதிப் பாதிக்கு அவரவர் சாமர்த்தியம்.

அந்தச் சாமர்த்தியம்தான் கியூபக் குடும்பங்களின் உண்மையான சேமிப்பு. இறைச்சிக்குப் பதில் சோயா மாவு கலந்த கொத்து. பம்ப்ளிமாஸ் மாதிரியான பழத்தின் தடித்த வெள்ளைத் தோலை ஊறவைத்து, மசாலா தடவி வறுத்து, அதற்கு "பொரித்த இறைச்சி" என்று பெயர். ராத்திரி தூங்கப் போகுமுன் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர். சமைக்க எண்ணெயும் கேஸும் இல்லாதபோது கரி அடுப்பு, மரத்தூள் அடுப்பு.

வீட்டுச் சாமான்களின் கதை இன்னும் சுவாரசியம். 1992ல் ராணுவப் பதிப்பகம் ஒன்று "நம் சொந்த முயற்சியால்" என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு தடிமனான புத்தகமே போட்டது. எதை வைத்து எதைச் செய்யலாம் என்று நாடு முழுக்க மக்கள் கண்டுபிடித்த வழிகளின் தொகுப்பு. அவுரிகா என்ற சோவியத் வாஷிங் மெஷின் பல வீடுகளில் இருந்தது. துணி பிழியும் பகுதி கெட்டுப்போனால் அந்த மோட்டாரைக் கழற்றி வேறு சாமான் செய்துகொண்டார்கள். இசைத்தட்டை வெட்டி மின்விசிறிக்கு இறக்கை. பழைய டெலிபோன் பெட்டி விசிறிக்கு அடிப்பீடம். கேன்டீனில் சாப்பாடு போடும் அலுமினியத் தட்டு டிவி ஆன்டெனா. சைக்கிளில் சின்ன மோட்டாரைக் கட்டினால் அது "ரிகிம்பிலி". எர்னஸ்டோ ஒரோசா என்ற கியூப வடிவமைப்பாளர் இப்படிப்பட்ட பொருள்களைத் தேடித் தேடிச் சேகரித்து, இதற்குத் "தொழில்நுட்பக் கீழ்ப்படியாமை" என்று பெயர் கொடுத்தார்.

இதிலெல்லாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் குடும்பங்கள் யாரும் முன்கூட்டியே மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்தவர்கள் இல்லை. வைத்திருந்தாலும் ஐந்து வருடத்துக்கு எந்த மூட்டை தாங்கும்? அவர்களிடம் இருந்தது பள்ளிப் படிப்பும், இயந்திரத்தைத் திறந்து பார்க்கும் தைரியமும், "அந்த வால்வு யாரிடம் இருக்கிறது" என்று கேட்க நாலு பக்கத்து வீடும்தான்.

காசு என்ன ஆனது?

பணத்துக்கு மூன்று வேலை என்று பாடப்புத்தகம் சொல்லும். பரிமாற உதவுவது, மதிப்பை அளப்பது, மதிப்பைச் சேமித்து வைப்பது. 1993 கியூபாவில் பெசோ இந்த மூன்று வேலையையும் ஏறக்குறைய ராஜினாமா செய்துவிட்டது.

அரசு சம்பளத்தை நிறுத்தவில்லை. தொழிற்சாலை ஓடாவிட்டாலும் கூலி வந்தது. வாங்கச் சரக்குதான் இல்லை. அதனால் ஜனங்களின் கையிலும் வங்கியிலும் சுமார் 1,100 கோடி பெசோ சும்மா கிடந்தது. ரேஷன் விலையை அரசு ஏற்றவில்லை என்பதால் காகிதத்தில் பணவீக்கம் தெரியாது. கறுப்புச் சந்தைக்குப் போனால்தான் தெரியும். அரசுக் கணக்கில் ஒரு டாலர் ஒரு பெசோ. தெருவில் ஒரு டாலர் 100 பெசோவைத் தாண்டிவிட்டது. சராசரி மாதச் சம்பளம் 200 பெசோவுக்கும் குறைவு. ஆக, ஒரு டாக்டரின் ஒரு மாத உழைப்பு இரண்டு மூன்று டாலர்!

இத்தனைக்கும் 1993 வரை டாலர் வைத்திருப்பதே குற்றம். அந்த ஆகஸ்டில் அரசு அந்தச் சட்டத்தை எடுத்தது. செப்டம்பரில் சில தொழில்களைச் சொந்தமாகச் செய்துகொள்ள அனுமதித்தது. பெரிய அரசுப் பண்ணைகளைக் கூட்டுறவுகளாகப் பிரித்துக் கொடுத்தது. 1994 அக்டோபரில் விவசாயிகள் மிச்ச விளைச்சலைத் தங்கள் விலைக்கு விற்கும் சந்தைகள் திறந்தன. அதற்குப் பிறகுதான் பெசோவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. சந்தையில் கத்தரிக்காய் இருந்தால்தானே ரூபாய்க்கு மதிப்பு? அதே கதைதான்.

டாலர் சட்டபூர்வமானதும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. மியாமியில் சொந்தக்காரர் இருப்பவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் மறுபக்கம். ஸ்பானிய மொழியில் "ஃபே" என்றால் நம்பிக்கை. "வெளிநாட்டில் குடும்பம்" என்ற சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தாலும் "ஃபே" தான். "பிழைக்க வேண்டுமானால் ஃபே வேண்டும்" என்று ஒரு நகைச்சுவை ஊர் முழுக்க ஓடியது. சிரித்தவர்களில் பாதிப் பேர் அழுதிருப்பார்கள். அறுவை சிகிச்சை நிபுணர் டாக்சி ஓட்டுவதும், ஆசிரியை ஓட்டலில் மேசை துடைப்பதும் நடந்தது. டிப்ஸாகக் கிடைக்கும் ஒரு டாலர் அரை மாதச் சம்பளம் ஆயிற்றே.

நகரத்துக்குள் வயல்

இனி, எல்லோரும் புகழ்கிற பகுதி. உர இறக்குமதி நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. டிராக்டருக்கு டீசல் இல்லை. கொட்டிலில் மறந்துபோயிருந்த காளைகளைத் திரும்ப ஏரில் பூட்டினார்கள். காளையைப் பழக்கத் தெரிந்த கிழவர்கள் திடீரென்று ஆசிரியர்கள் ஆனார்கள்.

ஹவானாவில் குப்பைமேடாகக் கிடந்த காலிமனைகளை யார் பயிரிட முன்வந்தாலும் அரசு இலவசமாகக் கொடுத்தது. மண் மோசமாக இருந்த இடத்தில் சிமென்ட் தடுப்புக் கட்டி, உள்ளே மண்ணும் தொழுவுரமும் நிரப்பிக் கீரை, முள்ளங்கி, லெட்டூஸ் போட்டார்கள். "ஆர்கனோபோனிகோ" என்று பெயர். பூச்சிமருந்து வாங்கக் காசில்லாததால் நாடு முழுவதும் 200க்கும் மேற்பட்ட சின்ன மையங்களில் பூச்சியைக் கொல்லும் பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் வளர்த்துக் கொடுத்தார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துளைக்கும் வண்டுக்கு எறும்பு மருந்து. வாழைத் தண்டுத் துண்டுகளில் தேன் தடவி எறும்பைக் கூடு கட்டவைத்து, அந்தத் துண்டுகளைக் கிழங்கு வயலில் கொண்டுபோய் வைப்பார்கள். எறும்பு வண்டைப் பார்த்துக்கொள்ளும். 1997ல் ஹவானாவின் கிழக்கே அலமார் என்ற இடத்தில் சில பேர் சேர்ந்து தொடங்கிய ஒரு கூட்டுறவுத் தோட்டம் பின்னாளில் சுமார் 10 ஹெக்டேருக்கு வளர்ந்து, வெளிநாட்டவர் வந்து பார்க்கும் இடமாயிற்று.

பாராட்ட வேண்டிய சாதனைதான், சந்தேகமே இல்லை. ஆனால் இந்தத் தோட்டங்கள் கொடுத்தது பெரும்பாலும் காய்கறி. ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்புவது அரிசி, கோதுமை, எண்ணெய், பருப்பு. அவை தொடர்ந்து கப்பலில்தான் வந்தன. இதில் ஓர் இந்தியத் தொடர்புகூட உண்டு. 1990களின் தொடக்கத்தில் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் ஹர்கிஷன் சிங் சுர்ஜித் எடுத்த முயற்சியில் இங்கே திரட்டிய 10,000 டன் கோதுமை கியூபாவுக்குக் கப்பலேறியது. பெரிய மனசு. 1.1 கோடி ஜனத்தொகையில் வகுத்தால் ஆளுக்கு ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு நாட்டின் பசி எவ்வளவு பெரியது என்பதற்கு அந்த வகுத்தல் போதும்.

உடம்பு எழுதிய கணக்கு

ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த உணவு 2,900 கலோரியிலிருந்து 1993ல் சுமார் 1,900க்கு இறங்கியதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. சாப்பாடு குறைவு, சைக்கிள் மிதிப்பது அதிகம். 1991க்கும் 1995க்கும் நடுவில் பெரியவர்கள் சராசரியாக 5.5 கிலோ இளைத்தார்கள் என்று 2013ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பிறகு வந்த வருடங்களில் சர்க்கரை நோய், மாரடைப்புச் சாவுகள் குறைந்தன என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. இதை மட்டும் பிடித்துக்கொண்டு "பஞ்சம் உடம்புக்கு நல்லது" என்று பேசுகிறவர்கள் அடுத்த விஷயத்தைச் சொல்வதில்லை.

1992, 1993ல் கியூபாவில் 50,000க்கும் மேற்பட்டவர்களுக்குத் திடீரென்று பார்வை மங்கியது, கைகால் மரத்துப்போனது. மேற்கே புகையிலை விளையும் பினார் டெல் ரியோவில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது. தேடிப் பார்த்ததில் பி வைட்டமின் பற்றாக்குறை முக்கியக் காரணம் என்று தெரிந்தது. சர்க்கரையால் வயிற்றை நிரப்பலாம், நரம்பை நிரப்ப முடியாது. 1993ல் அரசு நாட்டில் எல்லோருக்கும் வைட்டமின் மாத்திரை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்ததும் நோய் அடங்கியது. தெருவுக்குத் தெரு குடும்ப மருத்துவர் இருந்ததால்தான் மாத்திரை வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. இவ்வளவு பசியிலும் 1993ல் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு ஆயிரத்துக்கு 10க்குக் கீழேயே இருந்தது. ஏழு வயதுவரை பால் என்ற அந்த ஒரு வரி ரேஷன் விதிக்கு அதில் பங்கு உண்டு. எந்தத் தனி வீடும் இதைத் தயார் செய்துவைத்திருக்க முடியாது.

பொறுமைக்கும் எல்லை இருந்தது. 1994 ஆகஸ்ட் 5ல் ஹவானாவின் கடற்கரைச் சாலையில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். அதைத் தொடர்ந்து சில வாரங்களில் சுமார் 35,000 பேர் டயர் டியூப், மரப்பலகை, டிரம் என்று கிடைத்ததைக் கட்டிக்கொண்டு ஃபுளோரிடாவை நோக்கிக் கடலில் இறங்கினார்கள். எல்லோரும் கரை சேரவில்லை. பீன்ஸ் பீரங்கியைவிட முக்கியம் என்று ராணுவ மந்திரி ராவுல் காஸ்ட்ரோவே பேசவேண்டிய நிலை வந்தது அந்த வருடம்தான்.

பிறகு?

2000ல் வெனிசுவேலாவின் சாவேஸ் வந்தார். நாளுக்கு 53,000 பேரல் எண்ணெய் சலுகையில் கிடைத்தது. 2002ல் இருந்த சர்க்கரை ஆலைகளில் பாதி அளவுக்கு மூடப்பட்டன. மறுபடியும் ஒரே புரவலர்! தோட்டங்கள் இருந்தன, ஆனால் நாட்டின் உணவில் பெரும்பகுதி இறக்குமதியாகவே தொடர்ந்தது. வெனிசுவேலா சரிந்ததும் பழைய கதை திரும்ப ஆரம்பித்தது. 2021 ஜனவரியில் நாணயத்தை மாற்றியமைத்தபோது ஒரு டாலருக்கு 24 பெசோ என்று நிர்ணயித்தார்கள். 2024ல் தெருவிலே அது 300ஐத் தாண்டியது. 2021 ஜூலையில் நாடு முழுக்கப் போராட்டம். 2024 அக்டோபரில் மின் கட்டமைப்பு முழுவதும் நின்று தேசமே இருண்டது. 2021க்குப் பிறகு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு காலத்தில் 80 லட்சம் டன் சர்க்கரை செய்த தீவு, 2023ல் நாலு லட்சம் டன்கூடச் செய்யவில்லை.

முக்கியமாக யோசிக்க வேண்டிய இடம் இது. 1993ல் விசிறிக்கு இசைத்தட்டில் இறக்கை செய்த அதே கைகள்தான் இந்த முறையும் இருந்தன. ஆனால் இந்த முறை பலர் பன்றி வளர்க்கவில்லை, பாஸ்போர்ட் எடுத்தார்கள். ரேஷன் புத்தகம் மெலிந்துவிட்டது, டாக்டர்களே கிளம்பிவிட்டார்கள். வீட்டுச் சாமர்த்தியம் பொது ஏற்பாட்டின் மேல் நிற்கும்வரைதான் நிற்கும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆகவே அந்தப் பட்டியலுக்கு வருவோம். அரிசி மூட்டை வாங்கி வைப்பதில் தப்பில்லை, இரண்டு மாதம் ஓடும். காய்கறித் தோட்டம் போடலாம், கீரை கிடைக்கும். கெட்டுப்போன மிக்சியைத் திறந்து பார்க்கக் கற்றுக்கொண்டால் அது ஆயுளுக்கும் ஓடும். ஆனால் கியூபக் குடும்பங்களை 1993லிருந்து 1994க்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பெரிய விஷயங்கள் எந்த வீட்டின் பரணிலும் இல்லை. அவை தெருமுனை ரேஷன் கடையிலும், குடும்ப மருத்துவரின் அறையிலும், கடைசியில் திறந்துவிடப்பட்ட காய்கறிச் சந்தையிலும் இருந்தன.

பொருளாதாரம் சரியும் நாளுக்குத் தயாராக விரும்புகிறவர், மளிகைக் கடைக்குப் போகிற வழியில் தன் தெரு ரேஷன் கடை ஒழுங்காகத் திறந்திருக்கிறதா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். இல்லையென்றால் இன்றே கேள்வி கேட்கலாம். அதுவும் வீட்டைத் தயார்படுத்தும் வேலைதான்.